பளபளக்காவின் கட்டைவிரல்

எங்கள் அறையில் ஒரு கெட்டில் உண்டு. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் விட்டுப் போனது. அவர்களுக்கும் அது அப்படித்தான் வந்ததாம். கறுப்பு நிறக் கெட்டில் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அறைக்கு மூன்றாவது ஆளாக அக்கா வந்த அன்று பையைக் கட்டில்மேல் வைத்தாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், கெட்டிலைப் பார்த்தாள். "ஏண்டி, இதுலதான் டீ போட்டுக் குடிக்கிறீங்களா?" என்றாள். எங்கள் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை. பயணம் செய்த சேலையைக்கூட மாற்றாமல் கம்பி நாரை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கெட்டிலில் என் மூக்கு தெரிந்தது. இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே தெரிந்தது.

அன்றைக்கே அவளுக்குப் பளபளக்கா என்று பெயர் வைத்துவிட்டோம்.

நாங்கள் என்றால் நானும் தூங்குமூஞ்சியும். நான் தையல்காரி. ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பும் சீருடையும் தைக்கிற கூடத்தில் வேலை. தூங்குமூஞ்சி ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உதவிக்கு இருப்பவள். ராத்திரி வேலை முடித்து வந்து பகலெல்லாம் தூங்குவாள். லீவு நாளில் பாக்கியையும் சேர்த்துத் தூங்குவாள். பளபளக்கா ஒரு பெரிய தொழிற்சாலையின் கேன்டீனில் பாத்திரம் கழுவ வந்தவள். மூன்று பேரையும் ஒரே கம்பெனி வேலைக்கு எடுத்து, ஒரே விடுதியில், காற்று வருகிற பக்கம் ஜன்னல் இல்லாத ஒரே அறையில் போட்டிருந்தது.

இந்த நாட்டில் வந்து இறங்கியவுடன் முதலில் வாங்க வேண்டியது நம்பர். அரசாங்கம் கொடுக்கும் அடையாள எண். சம்பளம் போட, போன் வாங்க, டாக்டரைப் பார்க்க, பஸ் அட்டை எடுக்க, எங்கே போனாலும் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் நம் முகத்தைப் பார்க்க மாட்டார், நம்பரைத்தான் கேட்பார். அதனால் புதிதாக வந்தவர்களைப் பார்த்தால் நாங்கள் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதற்கு முன்னால் "நம்பர் வந்தாச்சா" என்று கேட்போம். அது வரும்வரை கையில் ஒரு தற்காலிகக் காகிதம் இருக்கும். அதில் போட்ட தேதிக்குள் நம்பர் வரவில்லை என்றால் டிக்கெட் வரும். கம்பெனி தன் செலவிலேயே ஊருக்கு ஏற்றி அனுப்பிவிடும். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கம்பெனிக்குத் தாராள மனசு.

நம்பர் வாங்குவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரு போட்டோ, பத்து விரல் ரேகை, அவ்வளவுதான். நான் ஊசியால் குத்திக் குத்திச் சல்லடை ஆக்கி வைத்திருக்கிற என் விரல்களே முதல் தடவையில் தேறிவிட்டன. தூங்குமூஞ்சி நின்றுகொண்டே தூங்கியதில் போட்டோவைத்தான் இரண்டு முறை எடுத்தார்கள்.

அதனால் பளபளக்காவின் முறை வந்தபோது, திருவிழாக் கூட்டத்துக்குத் துணை போவதுபோல நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனேன். கூட்டிப் போனவர் வேன் அண்ணன். கம்பெனி வேனை ஓட்டுவது அவர் வேலை. எங்களுக்கு மொழி பெயர்ப்பது, மருந்து சொல்வது, கல்யாணத்துக்கு வரன் சொல்வது எல்லாம் அவராக எடுத்துக்கொண்ட வேலை.

அலுவலகத்தில் வழவழப்பான தரை, வரிசையாக நாற்காலி, ஜில்லென்ற காற்று. கவுன்ட்டரில் ஒரு சின்னப் பெண். அவள் முன்னால் கண்ணாடி பதித்த ஒரு சின்னப் பெட்டி. விரலை அதன்மேல் வைத்தால், ரேகை விழுந்ததற்குப் பச்சை விளக்கு, விழாததற்குச் சிவப்பு விளக்கு. பளபளக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு விரலை வைத்தாள். சிவப்பு. அடுத்த விரல். சிவப்பு. பத்து விரலும் சிவப்பு. அந்தப் பெண் பெட்டியைத் துடைத்துப் பார்த்தாள், அக்காவின் விரலைத் துடைத்துப் பார்த்தாள், தன் விரலை வைத்துப் பார்த்தாள். அவள் விரலுக்குப் பளிச்சென்று பச்சை எரிந்தது. அப்புறம் அக்காவின் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கெட்டில் மாதிரி வழவழவென்று இருந்தது. சின்ன வயதிலிருந்து கல்யாண வீட்டு அண்டாவும் ஓட்டல் கடாயும் தேய்த்த கை. பாத்திரத்தின் கரியோடு சேர்ந்து ரேகையும் போய்விட்டது.

அந்தப் பெண் ஏதோ சொன்னாள். வேன் அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு மொழிபெயர்த்தார்.

"உங்க கையில ஒண்ணுமே இல்லையாம்மா."

"அது இருந்திருந்தா நான் ஏன்ணே இங்க வரப்போறேன்?" என்றாள் பளபளக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை, பொறுமையாக விளக்கினாள். தேய்ந்த ரேகை திரும்ப வளருமாம். கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். சோப்பு, தூள், கம்பி நார் எதையும் தொடக் கூடாது. எண்ணெய் தடவி வைத்திருக்க வேண்டும். எல்லா விரலும் விழாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு கட்டைவிரலும் கட்டாயம் விழ வேண்டும். காகிதத்தில் இருக்கிற தேதிக்கு முன்னால் இன்னும் இரண்டு தடவை வரலாம். அதற்கு அப்புறம் தன் கையில் ஒன்றும் இல்லை என்றாள்.

வேனில் திரும்பும்போது அண்ணன் வழியெல்லாம் வைத்தியம் சொல்லிக்கொண்டே வந்தார். வெண்ணெய் தடவு, விளக்கெண்ணெய் தடவு, விரலை வாழைப்பழத் தோலில் சுற்று. பளபளக்கா மடியில் இரண்டு கைகளையும் மலர்த்தி வைத்துக்கொண்டு, யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருளைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டே வந்தாள்.

அறைக்கு வந்ததும் அவள் தம்பி வீட்டிலிருந்து போன். என் போனில்தான், நம்பர் இல்லாதவளுக்கு ஏது போன்? தம்பி பெண்டாட்டி பேசினாள். குரலில் அப்படி ஒரு தேன்.

"கிடைக்கலேன்னா என்ன அண்ணி, வந்துடுங்க. இங்க உங்க இடம் அப்படியேதான் இருக்கு. வேற யாரும் வந்து உக்காந்துடல."

பளபளக்கா "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். போனை என்னிடம் நீட்டிக்கொண்டே கேட்டாள். "என் இடம்னு சொல்றாளே, எது தெரியுமா? கொல்லைக் குழாயடி."

புருஷன் போன பிறகு அவள் தம்பி வீட்டில் இருந்தவள் என்பது எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் அவள் சொன்னதில்லை. அன்றைக்கு ஒன்று மட்டும் சொன்னாள். "இங்கேருந்து போனா, சாகிற வரைக்கும் அந்தக் குழாயடிதாண்டி." அழவில்லை. எனக்கு வருத்தம் வந்தால் கோபமாகத்தான் வரும். "யாரு போறதா சொன்னா? நம்பர் வாங்காம விடறதில்ல" என்று அவள்மேலேயே எரிந்து விழுந்தேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினோம். கேன்டீன் சமையல் மேஸ்திரிக்கு வாய் நீளம், மனசு அவ்வளவு மோசமில்லை. "நம்பர் இல்லாத ஆளை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? போ, கரண்டியைப் பிடி, சோறு போடு" என்று அவளைப் பரிமாறும் இடத்துக்கு மாற்றிவிட்டார். இரண்டாவது நாளே அதற்காக வருத்தப்பட்டார். அக்காவின் கரண்டிக்கு அளவு தெரியாது. அவள் முன்னால் நின்ற வரிசை வாசலைத் தாண்டிப் போனது, பக்கத்துக் கரண்டிக்காரன் ஈ ஓட்டிக்கொண்டு நின்றான்.

அறையில் பொறுப்பு என்னுடையது. மிச்சத் துணியில் இரண்டு உறை தைத்தேன், விரலில்லாத பை மாதிரி, மணிக்கட்டில் இழுத்துக் கட்டுகிற நாடாவோடு. வேலை விட்டு வந்ததும் எண்ணெய் தடவி உறைக்குள் கையை விட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். சமையல் நான், கழுவுவது தூங்குமூஞ்சி, பெருக்குவது யார் கண்ணில் முதலில் குப்பை படுகிறதோ அவர். இந்த ஏற்பாட்டில் பெருக்குவதே நின்றுபோனது.

பளபளக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உறை போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து நாங்கள் செய்கிற ஒவ்வொன்றையும் பார்ப்பாள். தூங்குமூஞ்சி பாத்திரம் கழுவுவது, தூரத்துச் சொந்தக்காரரை விசாரிப்பது மாதிரி. தொட்டும் தொடாமலும் ஒரு வார்த்தை. அதைப் பார்க்கும்போது அக்காவின் தோள் தானாக அசையும்.

"ஏண்டி, அந்த ஓரத்துல..."

"அக்கா, வாயை மூடிக்கிட்டு உக்காருங்க."

"வாய்க்குமாடி உறை?"

இப்படியாகச் சிரித்துக்கொண்டே நாட்கள் போயின. ஒன்று மட்டும் எனக்கு இடித்தது. அவள் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. கேட்டால் "கேன்டீன்லயே சாப்பிட்டேன்" என்பாள். மேஸ்திரியைக் கேட்டால், அங்கேயும் கொறிப்பதுதான் என்றார்.

இரண்டாவது தடவை போனோம். கவுன்ட்டரில் அதே பெண். சுண்டு விரல், பச்சை. மோதிர விரல், பச்சை. வேன் அண்ணனுக்கு வாயெல்லாம் பல். ஒவ்வொரு பச்சைக்கும் ஏதோ தானே தயாரித்த மாதிரி என் பக்கம் திரும்பித் தலையாட்டினார். கடைசியில் கட்டைவிரல்கள். இடது கை தட்டுத் தடுமாறிப் பச்சை. வலது கை, சிவப்பு. மறுபடி வைத்தாள், சிவப்பு. பத்து தடவையாவது வைத்திருப்பாள்.

அந்தப் பெண் விரலைப் பிடித்து உற்றுப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். அண்ணன் நெற்றியைச் சுருக்கினார். "மத்த விரலெல்லாம் ஓய்வு எடுத்திருக்காம். இது மட்டும் எடுக்கலையாம். ஏன்னு கேக்கறாங்க."

பளபளக்கா கையை இழுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. அறைக்கு வந்து டீ போடலாம் என்று அடுப்புப் பக்கம் போய், ஓரத்தில் கிடந்த பால் காய்ச்சும் சட்டியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதற்கு முந்தின வாரம் தூங்குமூஞ்சி பாலை அடுப்பில் வைத்துவிட்டுத் தூங்கிப் போனதில் அந்தச் சட்டியின் அடி கரிக்கட்டையாகியிருந்தது. இனி தூக்கி எறிய வேண்டியதுதான் என்று ஓரமாக வைத்திருந்தோம். இப்போது அதன் அடியில் என் மூக்கு தெரிந்தது. அதே பெரிய மூக்கு.

கம்பி நாரைப் பிடித்து அழுத்துகிற விரல் வலது கட்டைவிரல். கேன்டீன் வேலை மதியமே முடிந்து அவள் வந்துவிடுவாள். நான் சாயங்காலம்தான் வருவேன். நடுவில் காவலுக்கு இருந்தது தூங்குமூஞ்சி. இந்த லட்சணத்தில் நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொள்வதாக எல்லோரிடமும் பெருமை அடித்திருந்தேன்.

சட்டியை அவள் முன்னால் நங்கென்று வைத்தேன். "என்ன இது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஊருக்குப் போகணும்னா சொல்லு, நானே வேன் ஏத்தி விடறேன்! நாங்க ரெண்டு பேரும் இங்க எதுக்கு நாயா அலையறோம்? ரெண்டு கையைச் சும்மா வெச்சுக்க முடியாதா உன்னால?"

அக்காவை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. சத்தத்தில் தூங்குமூஞ்சியே எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

பளபளக்கா மெதுவாகச் சொன்னாள். "பாத்திரம் கழுவாம சாப்பிட்டா சோறு தொண்டையில நிக்குதுடி. நீங்க சமைச்சுப் போடறீங்க, என் தட்டையும் எடுத்துக் கழுவறீங்க. எனக்குப் பயமா இருக்கு."

"இதுல என்ன பயம்?"

"தம்பி வீட்டுக்குப் போன புதுசுல என்னை யாரும் ஒரு வேலை சொல்லல. நல்லாத்தான் வெச்சிருந்தாங்க. ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது தலை சுத்துச்சு. தட்டை அப்படியே வெச்சுட்டுப் போய்ப் படுத்துட்டேன். சாயங்காலம் எழுந்து வந்து பாக்கறேன், தட்டு அதே இடத்துல இருக்கு. சோறு காஞ்சு ஒட்டிப்போயிருக்கு. வீடு பெருக்கியிருக்கு, தட்டைச் சுத்திப் பெருக்கியிருக்கு. என் தம்பி அதைத் தாண்டித்தான் உள்ள போறான், வரான். யாரும் ஒரு வார்த்தை சொல்லல. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அந்தத் தட்டைக் கழுவினேன், கூடவே அந்த வீட்டுத் தட்டு எல்லாத்தையும் கழுவினேன். அப்புறம் நிறுத்தவே இல்ல."

எனக்கு அந்தத் தம்பியை நேரில் பார்த்து நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது. அவன் கிடைக்கவில்லை என்பதால் சட்டியை எடுத்து அலமாரியில் இன்னொரு தடவை நங்கென்று வைத்தேன்.

வழி கண்டுபிடித்தது தூங்குமூஞ்சி. மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு பெரிய கட்டு காகிதத் தட்டு வாங்கி வந்தாள். கட்டில்மேல் அதைப் போட்டுவிட்டு, "சாப்பிடு, தூக்கிப் போடு. யாரும் கழுவ வேணாம், யாரும் யாருக்கும் கடன்பட வேணாம். என்னைத் தூங்க விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அவ்வளவு நாள் அவளை மந்தம் என்று நினைத்திருந்தேன். தூங்குகிற நேரத்திலும் ஏதோ யோசிக்கிறாள்.

நாங்களும் காகிதத் தட்டுக்கு மாறினோம். கம்பி நார், தூள், சோப்பு எல்லாம் என் அலமாரிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. பளபளக்கா சாப்பிட ஆரம்பித்தாள். முதலில் பாதித் தட்டு, அப்புறம் முழுத் தட்டு, அப்புறம் "இன்னும் கொஞ்சம் போடுடி" என்று. கன்னம் உப்பியது. உறை போட்ட கையோடு ஜன்னலருகே உட்கார்ந்து, யாருக்குமே தெரியாத ஒரு பாட்டை மூக்கால் முனகிக்கொண்டிருப்பாள். காகிதத் தேதி மட்டும் நெருங்கிக்கொண்டே வந்தது.

கடைசித் தடவை போன அன்று வேன் அண்ணன்கூட வைத்தியம் சொல்லவில்லை. தூங்குமூஞ்சியும் வந்தாள், தூங்கவில்லை. கவுன்ட்டர் பெண் எங்களை அடையாளம் கண்டுகொண்டு முதலிலேயே வலது கட்டைவிரலைக் கேட்டாள்.

சிவப்பு.

பளபளக்கா விரலை எடுக்கவே இல்லை, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே அழுத்திக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் எழுந்து நின்றாள். அக்காவின் கட்டைவிரலைக் கண்ணாடியிலிருந்து எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்தாள். அந்த ஜில்லென்ற அறையில் விரல் விறைத்துப் போயிருந்தது போலிருக்கிறது. பிறகு தானே அதைக் கண்ணாடிமேல் வைத்து, நகத்தின் மேல் தன் விரலை வைத்து, குழந்தைக்குப் பொட்டு வைக்கிற பதமாக அழுத்தினாள்.

பச்சை.

"விழுந்துடுச்சு!" என்று வேன் அண்ணன் போட்ட சத்தத்தில் நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் அன்றைக்குத்தான் சிரித்தாள். பளபளக்கா தன் கட்டைவிரலை முகத்துக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே நின்றாள். "கோடு கோடா இருக்குடி," என்றாள் என்னிடம். "எனக்கும் இருக்கு." எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்ல அங்கே தூசியும் இல்லை.

நம்பர் போட்ட சீட்டை அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவள், எண்களை மட்டும் அண்ணனைச் சொல்லச் சொல்லித் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, வேன் விடுதிக்குள் நுழைவதற்குள் மனப்பாடம் செய்துவிட்டாள். உடனே என் போனை வாங்கித் தம்பி வீட்டுக்குப் பேசினாள்.

"அப்ப நீங்க வரமாட்டீங்களா அண்ணி?" என்றது தேன் குரல். இந்தத் தடவை தேன் கொஞ்சம் புளித்திருந்தது.

"ஏன் வராம? லீவு கிடைச்சா வருவேன்" என்றாள் பளபளக்கா.

அன்றைக்கு நான் கொஞ்சம் நன்றாகவே சமைத்தேன். காகிதத் தட்டுக் கட்டைப் பிரித்தபோது, "வேணாம், நல்ல தட்டு எடு" என்றாள். மூன்று எவர்சில்வர் தட்டு எடுத்தேன். வட்டமாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டாள், மூன்றாம் முறையும் வாங்கிக்கொண்டாள். வேன் அண்ணன் மாதிரி பேசிக் காட்டினாள். எங்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

சாப்பிட்டு முடித்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். தட்டை எடுக்கவில்லை. அது தரையில் அப்படியே இருந்தது. அதைத் தாண்டிப் போய்க் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தாள். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது, கண் மட்டும் தட்டின்மேல் இருந்தது. மடியில் கட்டைவிரலை இன்னொரு கையால் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

எனக்கு ஒரு நொடி ஆனது. புரிந்ததும் நான் தட்டுக்குப் பாய்ந்தேன். அதே நேரத்தில் தூங்குமூஞ்சியும் பாய்ந்தாள். இரண்டு பேருக்கும் மண்டை இடித்தது. தட்டு எனக்குக் கிடைத்தது, அவளுக்கு நெற்றியில் வீக்கம்தான் மிச்சம்.

குழாயடியில் நின்று தேய்த்து அலசிக் கொண்டுவந்து அவள் எதிரில் நீட்டினேன். பளபளக்கா அதை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துக்கொள்ளாமலே சொன்னாள்.

"ஓரத்துல எண்ணெய் அப்படியே இருக்கு. போய்த் திரும்பக் கழுவிக்கிட்டு வாடி."

நான் போய்த் திரும்பக் கழுவினேன்.